சாக்கைத் தூக்கி நின்றால் அது வேலை இல்லையா?

1902-ஆம் ஆண்டில் மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷனுக்குப் போகும் மலைச் சாலையில் ஒரே ஒரு தண்டவாளம் பதித்தார்கள். அதன்மேல் உருண்ட சின்னச் சக்கரம் வண்டியின் எடையில் பெரும்பகுதியைத் தாங்கியது. பக்கவாட்டில் இருந்த பெரிய சக்கரம் சாலைமேல் உருண்டபடி வண்டி கவிழாமல் பார்த்துக்கொண்டது. இழுத்தவை காளைகள். மூணாறு, மாட்டுப்பட்டிப் பக்கத்துத் தேயிலைப் பெட்டிகள் இப்படி டாப் ஸ்டேஷன் வந்து, அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கியபடி ஏறக்குறைய 5 கிலோமீட்டர் இறங்கிக் கொட்டகுடிக்குப் போயின. மேலே டாப் ஸ்டேஷன் என்றால் கீழே கொட்டகுடிக்குப் பாட்டம் ஸ்டேஷன் என்று பெயர் விழுந்தது. அதன் பிறகு மாட்டுவண்டியில் 15 கிலோமீட்டர் போனால் போடிநாயக்கனூர். அதற்கப்பால் ரயில், அப்புறம் கப்பல், கடைசியில் இங்கிலாந்து.

1908-இல் ஒற்றைத் தண்டவாளத்தை எடுத்துவிட்டு இரண்டடி அகலச் சிறு ரயில்பாதை போட்டார்கள். 1924 வெள்ளம் அதை அடித்துக்கொண்டு போனது. மலையாள ஆண்டு 1099-இல் வந்ததால் 'தொண்ணூற்றொன்பதின் வெள்ளம்' என்று கேரளத்தில் இன்றும் பேசப்படும் பெருவெள்ளம் அது. பாதை மறுபடி போடப்படவே இல்லை.

காளைதான் இழுக்கிறது என்றால் தண்டவாளம் எதற்கு? மழையில் ஊறிய மண்சாலையில் மாட்டுவண்டிச் சக்கரம் புதையும். ஒவ்வொரு அடியும் ஒரு சின்னப் பள்ளத்திலிருந்து ஏறுவது போலத்தான். இரும்பின்மேல் இரும்பு உருளும்போது அந்தத் தடை மிகக் குறைவு. அதே காளை, அதே இழுப்பு. நகரும் சுமை மட்டும் பல மடங்கு. விசை, இயக்கம், உராய்வு, சாய்தளம், வேலை என்று ஆறாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்புவரை அறிவியல் பாடத்தில் வரும் தலைப்புகள் எல்லாமே இந்த ஒரு தேயிலைப் பெட்டியின் பயணத்துக்குள் இருக்கின்றன. அந்தப் பாதை ஓடிய மலைகளில் இன்று படிக்கும் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல ஆய்வுக்கூடம் வேறு எங்கும் கிடைக்காது.

அந்தப் பிள்ளைகள் யார்? 1956 நவம்பர் 1-ஆம் தேதி மொழிவாரி மாநிலங்கள் பிறந்தபோது தேவிகுளமும் பீருமேடும் கேரளத்தில் நின்றன. பாலக்காட்டின் கிழக்கு ஓரமும் அப்படித்தான். இடுக்கியில் மூணாறு, வண்டிப்பெரியாறு, உடும்பஞ்சோலைப் பக்கத்து எஸ்டேட் லயங்களிலும் (தொழிலாளர் வரிசை வீடுகள்), பாலக்காட்டில் சித்தூர் தாலுகாவின் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோவிந்தாபுரம், மீனாட்சிபுரம் போன்ற ஊர்களிலும் வீட்டுமொழி தமிழாக இருக்கும் குடும்பங்கள் ஏராளம். அவர்களுக்காகத் தமிழ்வழிப் பள்ளிகளும் வகுப்புகளும் நடக்கின்றன. கேரள எஸ்.சி.இ.ஆர்.டி. தன் பாடநூல்களைத் தமிழிலும் வெளியிடுகிறது. அங்கே ஏழாம் வகுப்புவரை அடிப்படை அறிவியல் என்று ஒரே நூல். எட்டிலிருந்து இயற்பியல் தனி நூல். எல்லைக்கு இந்தப் பக்கம், தமிழ்நாட்டில், ஆறாம் வகுப்பிலும் ஏழாம் வகுப்பிலும் 'விசையும் இயக்கமும்' என்றே பாடம் இருக்கிறது.

இந்த எல்லைப் பிள்ளைக்கு முதல் இடறல் கணக்கில் வருவதில்லை, சொல்லில் வருகிறது. தமிழில் விசை என்பதை மலையாளத்தில் 'பலம்' என்பார்கள். இயக்கம் அங்கே 'சலனம்', வேலை 'பிரவிருத்தி', உராய்வு 'கர்ஷணம்', நிலைமம் 'ஜடத்வம்'. உந்தத்துக்கு மலையாளச் சொல் 'ஆக்கம்'. தமிழ்ப் பிள்ளை ஆக்கம் என்றால் படைப்பு என்று நினைக்கும். பள்ளியில் ஒரு சொல், மலையாளத் தொலைக்காட்சிப் பாடத்திலோ டியூஷனிலோ இன்னொரு சொல், பதினொன்றாம் வகுப்புக்குப் போனதும் ஆங்கிலத்தில் மூன்றாவது சொல்.

இவற்றில் 'பலம்' கொஞ்சம் ஆபத்தானது. தமிழில் பலம் என்பது ஒருவரிடம் இருக்கும் உடைமை. யானைக்குப் பலம் உண்டு, நோயாளிக்குப் பலம் இல்லை. விசை அப்படி யாரிடமும் சேர்ந்து கிடப்பதில்லை. இரண்டு பொருள்களுக்கு நடுவே, ஒன்று இன்னொன்றைத் தள்ளும்போதோ இழுக்கும்போதோ மட்டுமே அது உண்டாகிறது. எறிந்த பந்துக்குள் கையின் பலம் புகுந்துகொண்டது, அது தீர்ந்ததும் பந்து விழுந்தது என்று உலகம் முழுக்கப் பிள்ளைகள் நம்புகிறார்கள். பெரியவர்களும்தான். 'பலம்' என்ற சொல் அந்த நம்பிக்கைக்கு இன்னும் வலுச்சேர்த்துவிடும். ஆகவே எல்லைப் பள்ளி வகுப்பறைச் சுவரில் முதலில் தொங்கவேண்டியது மூன்று பத்திகள் கொண்ட ஓர் அட்டை: தமிழ், மலையாளம், ஆங்கிலம். ஒவ்வொரு சொல்லுக்கும் பக்கத்தில் ஊரில் நடக்கும் ஒரு காரியத்தைப் பிள்ளைகளே எழுதிச் சேர்க்கவேண்டும்.

அடுத்த இடறல் 'வேலை' என்ற சொல்லில் காத்திருக்கிறது. அது மனத்தையும் தொடக்கூடியது.

இயற்பியலில் வேலை என்பதற்கு ஒரே இலக்கணம்தான்: விசை, அந்த விசையின் திசையில் நகர்ந்த தூரம், இரண்டையும் பெருக்கு. நகராவிட்டால் வேலை சுழியம். இதை விளக்கப் பல ஆசிரியர்களும் எடுக்கும் உதாரணம், தலையில் சுமையோடு நிற்கும் ஆள். அவர் எவ்வளவு நேரம் நின்றாலும் சுமைமீது செய்த வேலை ஒன்றுமில்லை. சமதரையில் சுமையோடு நேராக நடந்தாலும் அதே பதில்தான், ஏனென்றால் தாங்கும் விசை மேல்நோக்கி, நகர்வு கிடையாக.

இந்த உதாரணத்தை ஒரு நகரத்துப் பிள்ளை அப்படியே எழுதிக்கொண்டு போய்விடும். லயத்தில் வளரும் பிள்ளையால் அப்படி முடியுமா? விடிந்ததும் மலைச்சரிவில் ஏறி, கொழுந்து பறித்து, நிறைந்த சாக்கைச் சுமந்துவந்து, நிறுக்கும் இடத்தில் வரிசையில் நிற்கும் தாயைத் தினமும் பார்க்கும் பிள்ளை அது. "அப்போ எங்கம்மா பாக்கிறது வேலை இல்லையா டீச்சர்?" என்று அது கேட்டால், அந்தக் கேள்விக்கு மரியாதையான பதில் வேண்டும். கேட்காமல் மனத்துக்குள்ளேயே வைத்துக்கொண்டால் இன்னும் மோசம். அறிவியல் என்பது தன் வீட்டுக்குச் சம்பந்தமில்லாத யாரோ எழுதிவைத்த சங்கதி என்று அந்தப் பிள்ளை அன்றைக்கே முடிவுகட்டிவிடக்கூடும்.

பதில் இருக்கிறது. முதலாவது, உடலின் கணக்கு. சாக்கை ஒரு மேசைமேல் வைத்தால் மேசைக்குக் களைப்பு வராது. அது ஒரு துளி ஆற்றலையும் செலவழிப்பதில்லை. மனிதத் தசை மேசையைப் போன்றதல்ல. சுமையைத் தாங்கும்போது தசைக்குள் இருக்கும் நுண்ணிய இழைகள் பற்றுவதும் விடுவதும் மறுபடி பற்றுவதுமாக ஓயாமல் இழுத்துக்கொண்டே இருக்கின்றன. வெளியே அசைவு தெரியாது. உள்ளே உணவிலிருந்து வந்த ஆற்றல் செலவாகி வெப்பமாகிக்கொண்டே இருக்கும். வியர்வை அதனால்தான். நடக்கும்போதும் ஒவ்வொரு எட்டிலும் உடம்பும் சுமையும் சற்றே உயர்ந்து தாழ்கின்றன. ஆகவே தாயின் உடல் பாடுபடுவது உண்மை, களைப்பும் உண்மை. சாக்கின் மேல் நடந்த வேலை எவ்வளவு என்பது மட்டும் வேறு கேள்வி.

இரண்டாவது, அந்தக் கேள்விக்கும் நல்ல விடை உண்டு. ஒரு கிலோவைத் தூக்க ஏறக்குறைய 10 நியூட்டன் விசை வேண்டும்; ஆகவே 20 கிலோ சாக்கைத் தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்துக்குத் தூக்கித் தலையில் வைக்கப் புவியீர்ப்புக்கு எதிராக ஏறக்குறைய 300 ஜூல் வேலை. அதே சாக்கோடு 40 மீட்டர் உயரம் சரிவில் ஏறினால் சாக்குக்கு மட்டும் 8,000 ஜூல். தாயின் எடை 50 கிலோ என்றால் தன் உடலையும் ஏற்ற இன்னும் 20,000 ஜூல். வகுப்பில் ஒரு பிள்ளை இந்தக் கணக்கைத் தன் வீட்டுப் பாதைக்குப் போட்டுப் பார்த்துவிட்டால் அதன்பின் சூத்திரம் மறக்காது.

மூன்றாவது பதில் வரலாற்றில் இருக்கிறது. 'வேலை' என்ற சொல்லுக்கு இந்த இறுக்கமான பொருளைத் தந்தவர் கோரியோலி என்ற பிரெஞ்சு அறிஞர். 1829-இல், இயந்திரங்களின் பயனை எப்படிக் கணக்கிடுவது என்று எழுதிய நூலில் அதைச் செய்தார். அதற்கும் முன்பே குதிரைகளோடு தன் நீராவி இயந்திரத்தை ஒப்பிட்டு ஜேம்ஸ் வாட் 'குதிரைத்திறன்' என்ற அளவை வகுத்திருந்தார். எவ்வளவு சுமை, எவ்வளவு உயரம் என்ற சுமைதூக்கும் கேள்வியிலிருந்துதான் இந்தக் கருத்தே பிறந்தது. தொழிலாளியின் பாட்டை இல்லையென்று சொல்வதற்காக யாரும் இந்த இலக்கணத்தை உண்டாக்கவில்லை.

இதையும் சேர்த்தே சொல்லிவிடவேண்டும்: ஜூல் கணக்கு கூலிக் கணக்கு அல்ல. எந்தக் கொழுந்தைக் கிள்ளுவது, எதை விடுவது என்று கண்ணும் விரலும் செய்யும் தேர்வுக்கு ஜூலில் ஏறக்குறைய மதிப்பே இல்லை. தேநீரின் தரமோ அதில்தான் இருக்கிறது. 2015 செப்டம்பரில் மூணாறில் ஆயிரக்கணக்கான தோட்டத்துப் பெண்கள் 'பெம்பிளை ஒருமை' என்று திரண்டு 20 விழுக்காடு போனஸும் கூலி உயர்வும் கேட்டுச் சாலையில் உட்கார்ந்தார்கள். பல பிள்ளைகளின் தாயும் பாட்டியும் அந்தக் கூட்டத்தில் இருந்தவர்கள். வேலை என்ற சொல்லுக்கு அவர்கள் சொன்ன பொருள் ஒன்று, பாடநூல் சொல்லும் பொருள் ஒன்று. இரண்டும் வேறு வேறு என்று வகுப்பில் வெளிப்படையாகச் சொல்வதுதான் நேர்மை.

சொல்லித்தந்ததும் மனத்தில் இருப்பதும் தனித்தனியாகவே தங்கிவிடுவது எல்லைப் பள்ளிகளில் மட்டும் நடப்பதன்று. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் இயற்பியல் பேராசிரியர் எரிக் மஸூர், தன் மாணவர்களுக்கு விசை பற்றி மிக எளிய, கணக்கே இல்லாத கேள்விகள் கொண்ட ஒரு தேர்வு வைத்தார். ஒரு மாணவி எழுந்து, நீங்கள் சொல்லித்தந்தபடி எழுதவா, நான் வழக்கமாக நினைக்கிறபடி எழுதவா என்று கேட்டிருக்கிறார். கடினமான கணக்குகளைப் போட்டவர்கள் பலர் அந்த எளிய கேள்விகளில் சறுக்கினார்கள். மாணவர்கள் தங்களுக்குள் பேசி வாதாடி விடைக்கு வரும் முறைக்கு மஸூர் மாறியது அதன் பிறகுதான். ஹார்வர்டிலேயே இப்படி என்றால், பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் நியூட்டனின் மூன்று விதிகளை ஒப்பிக்கச் சொல்வதில் என்ன கிடைக்கும்?

ஒப்பிப்பதற்குப் பதில் தேரைப் பார்க்கலாம். ஐப்பசி கடைசியில், நவம்பரில், பாலக்காட்டுக் கல்பாத்தியில் விசுவநாத சுவாமி கோயில் தேரோட்டம். முன்னால் வடம் பிடித்து மக்கள் இழுக்க, பின்னாலிருந்து யானை நெற்றியால் முட்டித் தள்ளும். தேர் அசையும் அந்த முதல் நொடிக்குத்தான் எல்லோருடைய மூச்சும் தேவைப்படும். உருளத் தொடங்கிவிட்டால் இழுப்பு லேசாகிவிடும். நின்றுகொண்டிருப்பது நின்றுகொண்டே இருக்கப் பார்க்கும், ஓடுவது ஓடிக்கொண்டே இருக்கப் பார்க்கும் என்ற நியூட்டனின் முதல் விதியும், நிற்கும் பொருளின் உராய்வு நகரும் பொருளின் உராய்வைவிடக் கூடுதல் என்பதும் அங்கே ஒன்றாகத் தெரியும். ஓடும் தேரை நிறுத்துவது இன்னொரு பெரும்பாடு. அதற்குத்தான் சக்கரத்தின் அடியில் முட்டுக்கட்டை. தேர் திரும்ப வந்து சேரும் இடத்துக்குத் தமிழில் 'நிலை' என்று பெயர். பாடநூலின் 'நிலைமம்' என்ற சொல்லும் அதே வேரிலிருந்து வந்ததுதான். தேர் நிலைக்கு வந்ததைப் பார்த்த பிள்ளைக்கு நிலைமம் என்பது அந்நியச் சொல்லாக இருக்காது.

இடுக்கிப் பிள்ளைக்குத் தேருக்குப் பதில் ஜீப். தினமும் காலையில் கம்பம், போடி பக்கத்திலிருந்து ஏலத்தோட்டங்களுக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் மலையேறுகின்றன. போடிமெட்டுச் சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகள். வளைவில் ஜீப் திரும்பும்போது உள்ளே இருப்பவர்கள் ஓரமாகச் சாய்வார்கள். யாரோ வெளியே தள்ளுவது போலத்தான் தோன்றும். உண்மையில் தள்ளுகிறவர் யாருமில்லை. உடல் நேராகவே போகப் பார்க்கிறது, வண்டி திரும்பிவிடுகிறது, கதவுதான் உடலை உள்பக்கமாகத் தள்ளித் தன்னோடு திருப்புகிறது. கம்பியைப் பிடித்துக்கொள் என்று அம்மா சொல்வதன் காரணம் இதுதான். திடீர் பிரேக்கில் முன்னே சாய்வதும், வண்டி கிளம்பும்போது பின்னே சாய்வதும் இதே கதை.

அந்தச் சாலை ஏன் அத்தனை வளைய வேண்டும்? பலகையும் சுருள்வில் தராசும் இருந்தால் பத்து நிமிடத்தில் பதில் கிடைக்கும். 50 கிலோ மூட்டையை நேராக ஒரு மீட்டர் தூக்க ஏறக்குறைய 500 நியூட்டன் விசை வேண்டும். நான்கு மீட்டர் நீளப் பலகையைச் சாய்த்து அதன்மேல் தள்ளினால், உராய்வை விட்டுவிட்டுப் பார்க்க, 125 நியூட்டன் போதும். நகர்த்தும் தூரமோ நான்கு மடங்கு. இரண்டு வழியிலும் வேலை அதே 500 ஜூல். லாரியில் பலகை போட்டு மூட்டை ஏற்றும் சுமைதூக்கும் தொழிலாளி இதை அறிந்தே செய்கிறார். மலைச் சாலை என்பது மிக நீளமான, மடித்து மடித்துப் போட்ட பலகை. நேர்ச்சரிவில் திணறி நின்றுவிடும் எஞ்சின், வளைந்து வளைந்து போனால் ஏறிவிடுகிறது.

பாலக்காட்டின் கிழக்கு எல்லையைத் தாண்டினால் வரும் கோவைச் சீமையில் இன்னும் நுட்பமான ஒரு சாய்தளம் இருந்தது. மின்மோட்டார் வருமுன் கிணற்றில் கவலை இறைத்தார்கள். வடத்தின் ஒரு முனையில் தண்ணீர்ச் சால், மறுமுனையில் எருதுகள். எருதுகள் நடக்கும் தடம் கிணற்றிலிருந்து விலக விலகத் தாழ்ந்துகொண்டே போகும்படி வெட்டியிருப்பார்கள். சால் மேலே வரும்போது எருது கீழே இறங்கும்; அதன் உடல் எடையும் இழுப்புக்குத் துணை. சால் காலியானபின் எருது மேட்டில் பின்னுக்கு ஏறவேண்டும், ஆனால் அப்போது சுமை இல்லை. இதை வகுத்த உழவர் யாரென்று யாருக்கும் தெரியாது. தாத்தா பாட்டியிடம் கவலைத் தடத்தைப் பற்றிக் கேட்டுவரச் சொல்லி, வகுப்பில் நூலும் உருளியும் வைத்து ஒரு மாதிரி செய்யச் சொல்லலாம். சித்தூர்ப் பக்கத்துக் கள் இறக்கும் தொழிலாளியின் கால்தளையையும் அதே வகுப்பில் காட்டலாம். உராய்வு இல்லையென்றால் மரமேற முடியாது.

உராய்வை இந்த மலைகளில் இன்னொரு காரணத்துக்காகவும் சொல்லித்தந்தாக வேண்டும். 2020 ஆகஸ்ட் 6-ஆம் தேதி இரவு ராஜமலை அருகே பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியது. 70 பேர் மாண்டார்கள், காணாமற்போனவர்களும் சேர்த்து. மிகப் பலர் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பத்தினர், பள்ளிப் பிள்ளைகளும் உண்டு. சரிவில் இருக்கும் மண்ணைப் புவியீர்ப்பு எப்போதும் கீழே இழுத்துக்கொண்டேதான் இருக்கிறது. மண்துகள்களுக்கு நடுவிலான உராய்வும் வேர்களின் பிடிப்பும் அதைத் தாங்கி நிற்கின்றன. நாள்கணக்கில் கொட்டும் மழைநீர் மண்ணுக்குள் இறங்கி எடையைக் கூட்டுகிறது. துகள்களின் இடுக்கில் நிறைந்து அவற்றை ஒன்றிலிருந்து ஒன்று விலக்கி உராய்வைக் குறைக்கிறது. ஒரு கட்டத்தில் இழுப்பு வென்றுவிடும். சாய்த்த பலகைமேல் மண்ணைக் கொட்டிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் ஊற்றினால் எந்தக் கட்டத்தில் சரிகிறது என்று பிள்ளைகளே பார்ப்பார்கள். தரையில் புதிய வெடிப்பு, சாய்ந்த மரம், திடீரென்று கலங்கும் ஊற்று, இவற்றைக் கண்டால் பெரியவர்களிடம் உடனே சொல்லவேண்டும் என்பதும் அந்தப் பாடத்தின் பகுதியாக வேண்டும். இந்த வகுப்பை எடுக்கும் ஆசிரியர், இழப்பைச் சந்தித்த பிள்ளை யாரும் எதிரில் இருக்கிறதா என்று முதலில் அறிந்துகொள்வது அவசியம்.

கீழே விழுவதற்கு இன்னொரு முகமும் உண்டு. கேரளத்தின் முதல் நீர்மின் நிலையம் மூணாறை அடுத்த பள்ளிவாசலில் 1940-இல் ஓடத் தொடங்கியது. இடுக்கி அணை நீரில் இயங்கும் மூலமற்றம் மின் நிலையம் 1976-இல் தொடங்கப்பட்டது. ஆறு எந்திரங்கள், ஒவ்வொன்றும் 130 மெகாவாட், மொத்தம் 780. தண்ணீர் ஏறக்குறைய 660 மீட்டர் இறங்குகிறது. ஒரு கனமீட்டர் நீர் என்றால் 1,000 கிலோ. அது அவ்வளவு உயரம் விழுந்தால் புவியீர்ப்பு செய்யும் வேலை 66 லட்சம் ஜூல். ஒரு யூனிட் மின்சாரம் 36 லட்சம் ஜூல். இழப்புகள் போக, ஒரு கனமீட்டர் நீரிலிருந்து ஒன்றரை யூனிட் அளவில் கிடைக்கும். குமுளியிலிருந்து இறங்கும் சாலையில் லோயர் கேம்ப் பக்கம் மலைமேலிருந்து இறங்கும் நான்கு பெரிய குழாய்களைப் பார்க்காத பிள்ளை அந்தப் பகுதியில் இருக்காது. பொறியாளர் பென்னிகுயிக் 1895-இல் கட்டிமுடித்த முல்லைப்பெரியாறு அணையின் நீர் சுரங்கவழி வந்து அந்தக் குழாய்களில் விழுந்து, மின்சாரம் தந்துவிட்டுத் தேனி மாவட்ட வயல்களுக்குப் போகிறது. அம்மா 40 மீட்டர் ஏறியதற்குப் போட்ட அதே பெருக்கல்தான் இங்கேயும். மலையேறுவதற்குப் பதில் மலையிறங்குகிறது, அவ்வளவே.

இதற்கெல்லாம் பெரிய ஆய்வுக்கூடம் தேவையில்லை. ஒரு சுருள்வில் தராசு, ஒரு பலகை, ஒரு கடிகாரம், ஒரு லிட்டர் தண்ணீர்ப் புட்டி. நீர் நிறைந்த புட்டியைத் தூக்கிப் பிடித்தால் கையில் உணர்வது ஏறக்குறைய 10 நியூட்டன். விசையின் அளவை உடம்பு ஒருமுறை அறிந்துவிட்டால் போதும். மாடிப்படி உள்ள பள்ளியில் 40 கிலோ எடையுள்ள மாணவி 3 மீட்டர் உயரம் ஏறினால் 1,200 ஜூல். 4 விநாடியில் ஓடி ஏறினால் 300 வாட், நடந்து 12 விநாடியில் ஏறினால் 100 வாட். வேலை ஒன்றே, திறன் மூன்று மடங்கு. ஒரு குதிரைத்திறன் 746 வாட் என்று சொல்லிவிட்டால் யார் அரைக் குதிரை என்று பிள்ளைகளே போட்டிபோட்டு அளப்பார்கள்.

கொழுந்து நிறுக்கும் வில் தராசை ஒருநாள் பள்ளிக்குக் கேட்டு வாங்கிவரலாம். அது கிலோ என்று காட்டினாலும் உண்மையில் அளப்பது இழுவிசையைத்தான். நிறைக்கும் எடைக்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்ல அதைவிட நல்ல கருவி இல்லை. கூடவே, பறிக்கும் பெண் ஒருவரையும் வகுப்புக்கு அழைக்கவேண்டும். சாக்கை எப்படித் தூக்கினால் முதுகு வலிக்காது, சரிவில் எந்தப் பக்கம் உடலைச் சாய்த்தால் கால் வழுக்காது என்பதை அவரே சொல்லட்டும். அதில் இருக்கும் இயற்பியலை ஆசிரியர் எடுத்துச் சொல்லட்டும்.

இவை நடக்க ஒரு நிபந்தனை உண்டு. பிள்ளையின் மொழியைப் பேசும் ஆசிரியர் வகுப்பில் இருக்கவேண்டும். 'கவலை' என்றால் என்ன, 'நிலை' என்றால் என்ன என்று தெரியாதவர் எவ்வளவு படித்திருந்தாலும் இந்தப் பாடத்தை இப்படி நடத்த முடியாது. தமிழ்வழிப் பள்ளிகளின் அறிவியல் பணியிடங்களைத் தமிழ் தெரிந்தவர்களைக் கொண்டு நிரப்புவதும், தமிழ்ப் பாடநூல்கள் பள்ளி திறக்கும் நாளிலேயே கையில் கிடைக்கச் செய்வதும் அரசின் கடமை. அதைக் கேட்டுப் பெறவேண்டிய பொறுப்பு பெற்றோருக்கும் இருக்கிறது.

மூணாறின் பழைய ரயில் நிலையக் கட்டடம் இன்று தேயிலைக் கம்பெனியின் அலுவலகம். டாப் ஸ்டேஷன் அங்கிருந்து 32 கிலோமீட்டர். ஒருநாள் பயணம் போதும். அழைத்துப் போகும் ஆசிரியர்கள் கையோடு ஒரு சுருள்வில் தராசையும் எடுத்துச் செல்லுங்கள்.